செண்டுமல்லி லோடு

போனை எடுத்ததும் நான் முதலில் கேட்பது
ஆளுக்கு அடி பட்டிருக்குதுங்களா என்றல்ல.
வண்டி எந்தூருப் பதிவுங்க?

டி.என். முப்பத்தாறு என்றால்
சத்தியிலோ கோபியிலோ
ஏனென்று கேட்க ஒரு மாமன் மச்சான் இருப்பான்.
நாலாயிரத்து ஐந்நூறு.
கே.ஏ. பத்து என்றால்
முதலாளி விரலை மேலே தூக்கிக் காட்டுவார்.
நானும் மேலே போவேன்.

திம்பத்தில் இருபத்தேழு வளைவு,
எங்கள் கிரேன் ஒன்று.
வேறு கிரேனுக்குச் சொல்லிவிட்டால்
அது பண்ணாரி வருவதற்குள் பஞ்சராகும்.
எப்படி என்று எனக்குத் தெரியாது.
தெரியாது என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்
எட்டாவது வளைவில் ஒரு பிக்கப்,
பள்ளத்துப் பக்கம் சாய்ந்து,
முன்சக்கரம் ஒன்று காற்றில்.
சாம்ராஜ்நகர்க்காரர். சிக்கண்ணா.
பெயரை இரண்டு தரம் கேட்டு எழுதினேன்.
அவர் எங்களைக் கூப்பிடவேயில்லை.
டீக்கடைத் தொட்டையன் கூப்பிட்டான்,
கூப்பாட்டுக்கு முந்நூறு.

கொக்கி மாட்டிய பிறகுதான் விலை சொல்வது
எங்கள் வழக்கம்.
வண்டி அந்தரத்தில் தொங்கும்போது
யாரும் பேரம் பேசுவதில்லை.

தூக்க, பதினாறாயிரம்.
மலையேற டீசல் இரண்டாயிரத்து நானூறு.
இரும்புக் கயிறு தேய்மானம் ஆயிரத்து ஐந்நூறு.
போக்குவரத்து ஒழுங்கு என்று எழுதுவோமே,
அதற்கும் ஆயிரத்து ஐந்நூறு
(அது எந்தச் சட்டைப் பைக்கு என்பதை
ரசீதில் எழுதுவதில்லை).
யார்டு வாடகை நாளுக்கு ஐந்நூறு,
இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று.

மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி.
சத்தி மார்க்கெட்டில் அன்று கிலோ தொண்ணூறு.
மறுநாள் மத்தியானத்துக்கு மேல்
மாடும் முகராது.

'வண்டி இல்லே இருக்கட்டும், அம்மா,
ஹூவு மட்டும் கொடி.'
கொடி என்றால் அவர் பாஷையில் கொடு.
எனக்கென்னவோ
பூவும் கொடியுமாகத்தான் கேட்டது.

'சரக்கை உட்டா வண்டியை உட்டுப்போட்டு
ஓடீருவானுங்க,' என்றார் முதலாளி.
சாயந்திரத்துக்குள் சாக்குக்குள்ளே
பூ சூடேறத் தொடங்கிவிட்டது.
ஆபீஸ் ஜன்னலைச் சாத்தினேன்.

காலையில் கிரேனைக் கழுவினார்கள்.
கொக்கிக்குச் சந்தனம், குங்குமம்.
'வீணாத்தானே போவுது,
ரண்டு மூட்டையப் பிரிங்கடா.'

எங்கள் பசங்களுக்கு மாலை கட்ட வரவில்லை.
தொடுக்கத் தொடுக்க உதிர்ந்தது.
வண்டிக்கடியில் படுத்திருந்த சிக்கண்ணா
எழுந்து வந்து உட்கார்ந்தார்.
அழுகினதைப் பொறுக்கித் தள்ளிவிட்டு
நல்லதாகப் பார்த்து
அவரே கட்டிக் கொடுத்தார்,
கிரேனின் கழுத்து நீளத்துக்கு.
கூலி என்று எதுவும் கேட்கவில்லை.
பூசணிக்காய் உடைத்தபோது
எல்லோரையும் போல அவரும் கும்பிட்டார்.
பொரிகடலை ஒரு பிடி அதிகமாக வைத்தேன்.

பதினொரு மணிக்கு மைத்துனன் பணத்தோடு வந்தான்.
எண்ணி வாங்கி
ரசீதைக் கிழித்தேன்.
முந்தின பக்கத்துக் கார்பன் நகல்
திறந்தபடி கிடந்தது:
அதே வளைவு, அதே மாதிரிப் பிக்கப்,
நாலாயிரத்து ஐந்நூறு.
மூட மறந்துவிட்டேன் என்றுதான்
இன்றைக்கும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

சிக்கண்ணாவுக்குத் தமிழ் வாசிக்க வராது.
எண் வரும்.
பார்த்தார். என்னைப் பார்த்தார்.
வெளியே மாலையோடு நின்றதைப் பார்த்தார்.
'பர்த்தீனி, அம்மா.'
வருகிறேன் என்று அர்த்தம்.

நூற்றுக்கு இரண்டு என் கமிஷன்.
நானூற்று நாற்பத்தெட்டு ரூபாய்.
கிரைண்டர் தவணை ஐந்நூறு.
அதில் ஐம்பத்திரண்டு மட்டும்
என் காசு.